ஒரு ஹீரோவோடு ஓடும் மொபைல் கேமில் இன்னும் ஐந்து பேரைச் சேர்ப்பது எப்படி?

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் 2டி ஓடிக் குதிக்கும் கேம் ஒன்று செய்து வருகிறீர்கள். ஒரு கேரக்டரும் 20 லெவலும் தயார். இன்னும் ஐந்து கேரக்டர் சேர்க்க வேண்டும், ஆடுபவர் மெனுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சிலரைக் காயின் சேர்த்தும் சிலரைக் காசு கொடுத்தும் திறக்க வேண்டும். இதற்கு ஆளுக்கொரு ஸ்கிரிப்டும் (ஆளை இயக்கும் கோடு) ஆளுக்கொரு சீனும் (ஒரு லெவல் இருக்கும் ஃபைல்) போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். ஆளுக்கொரு சீன் என்று போனால் ஆறு பேருக்கு 120 சீன் ஆகும். ஒரு முள்ளைக் கொஞ்சம் நகர்த்த ஆறு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். ஸ்கிரிப்டும் அப்படித்தான். குதிப்பதில் ஒரு பிழை இருந்தால் அதையே ஆறு முறை திருத்திக்கொண்டிருப்பீர்கள், அதில் ஒன்று விட்டுப்போகும்.

முதலில் பார்க்க வேண்டியது வேறு. இப்போதைய கேமில் எத்தனை இடங்கள் ‘பிளேயர் என்றால் இவன் ஒருவன்தான்’ என்று எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன? கேமரா அவனைப் பின்தொடர்கிறது. உயிர்ப் பட்டை அவன் ஸ்கிரிப்டைப் படிக்கிறது. எதிரி அவனைத் துரத்துகிறான், காயின் காந்தம் அவனை நோக்கி இழுக்கிறது. பெரும்பாலும் இவையெல்லாம் சீனில் நிற்கும் அந்த ஒரு ஆப்ஜெக்ட்டை அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டர் பலகத்தில் கையால் இழுத்துப் போட்டவையாக இருக்கும். அவனைச் சீனிலிருந்து எடுத்த நொடியே அத்தனையும் ‘மிஸ்ஸிங்’ ஆகிவிடும். கேரக்டர் சேர்க்கும் வேலையில் பெரும்பகுதி இதைச் சரிசெய்வதுதான். புதுப் படம் வரைவது அதற்குப் பிறகு.

அதனால் ஓவியரிடம் போகாதீர்கள், இப்போதைக்கு. இருக்கும் கேரக்டரையே நகலெடுத்து, ஸ்பிரைட்டின், அதாவது அவனுடைய 2டி படத்தின், நிறத்தைச் சிவப்பாக்கி, வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி, அவனை இரண்டாவது ஆளாக வையுங்கள். மெனுவில் சிவப்பனைத் தேர்ந்தெடுத்தால் லெவலில் சிவப்பன் வர வேண்டும், செத்தால் சிவப்பனாகவே மீண்டும் எழ வேண்டும், ஆப்பை மூடித் திறந்தாலும் சிவப்பனே தேர்வில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் மூன்றாவது ஆளும் ஆறாவது ஆளும் அரை நாள் வேலைதான். இது நடக்காமல் ஐந்து பேருக்கும் படம் வரைந்து வைத்தால், பிழை கோடில் இருக்கிறதா படத்தில் இருக்கிறதா என்றே தெரியாது.

அமைப்பைப் பொறுத்தவரை, இப்போதைய பிளேயரை அடிப்படைப் பிரிஃபாப் ஆக்குங்கள். பிரிஃபாப் என்பது ஒரு ஆப்ஜெக்ட்டை வேண்டியபோது வார்த்தெடுக்கும் அச்சு. நகர்வு, கொலைடர் (மோதலைக் கணிக்கும் எல்லை), ரிஜிட்பாடி (ஈர்ப்புக்கும் வேகத்துக்கும் ஆட்படுத்துவது), உயிர், ஒலி எல்லாம் அதில் இருக்கட்டும். மற்றவர்கள் அதன் பிரிஃபாப் வேரியன்ட்கள், அதாவது சில மதிப்புகள் மட்டும் மாறும் வகைகள். இதில் ஒரு பொறி உண்டு. வேரியன்ட்டில் ஒரு மதிப்பைத் தொட்டு மாற்றிவிட்டால் அது இன்ஸ்பெக்டரில் தடித்த எழுத்தில் நிற்கும். அதன்பின் அடிப்படைப் பிரிஃபாப்பில் அதே மதிப்பை மாற்றினாலும் இவனுக்குப் போய்ச் சேராது. தெரியாமல் கைபட்டு மாறியதும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வேரியன்ட்டையும் திறந்து, தடித்த எழுத்தில் வேண்டாதது எது என்று பார்த்து ரிவர்ட் செய்து அடிப்படை மதிப்புக்கே திருப்பிவிடுங்கள்.

ஆளுக்கு ஆள் மாறும் தகவலை ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட் என்ற தகவல் ஃபைலில் வையுங்கள்: மாறாத ஐடி, காட்டும் பெயர், ஐகான், விலை, திறக்கும் வழி, பிரிஃபாப், வேகம், குதிப்பு உயரம். ஆறு பேருக்கு ஆறு ஃபைல், எல்லாவற்றையும் தாங்கும் பட்டியல் ஒன்று. மெனு அந்தப் பட்டியலைச் சுற்றிவந்து பட்டன்களை உருவாக்கட்டும். கோடில் எங்காவது ‘பெயர் இதுவானால் இரட்டைக் குதிப்பு’ என்று இஃப் எழுத நேர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரட்டைக் குதிப்பு, மிதந்து இறங்குதல், காந்தம் போன்றவை ஒவ்வொன்றும் ஒரு சிறு கம்போனன்ட்டாக (ஆப்ஜெக்ட்டில் ஒட்டும் துண்டாக) இருந்து, வேண்டிய வேரியன்ட்டில் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். கேமுக்குக் கேரக்டரின் பெயர் தெரியவே கூடாது.

லெவல் சீனில் இனி பிளேயர் நிற்க மாட்டான். அவன் இடத்தில் வெறும் ஸ்பானர் ஒன்று. தேர்வான ஐடியைப் படித்து, பட்டியலில் தேடி, பிரிஃபாப்பை இன்ஸ்டான்ஷியேட் செய்வது, அதாவது அதிலிருந்து ஆளை உருவாக்குவது, அதன் வேலை. ஐடி பட்டியலில் இல்லையென்றால் முதல் கேரக்டரைக் கொடுக்க வேண்டும், எரர் அடித்து நிற்கக் கூடாது. எப்போது உருவாக்குவது என்பதும் முக்கியம். அவேக், ஸ்டார்ட் இரண்டும் ஸ்கிரிப்டில் தொடக்கத்தில் ஓடும் பகுதிகள். ஒரே சீனில் எல்லோருடைய அவேக்கும் முடிந்த பிறகுதான் ஸ்டார்ட் ஓடும். ஸ்பானர் அவேக்கில் உருவாக்கினால், மற்றவர்கள் ஸ்டார்ட்டில் டேக் (அடையாளப் பெயர்) வைத்துத் தேடினாலும் கிடைத்துவிடும். அவர்களும் அவேக்கிலேயே தேடினால் சில நேரம் கிடைக்கும், சில நேரம் ‘தேடியது இல்லை’ என்னும் நல் ரெஃபரன்ஸ் பிழை வரும். எடிட்டரில் ஒழுங்காக ஓடி போனில் மட்டும் கவிழும் பிழைகளில் இதுவும் ஒன்று. இதைவிட உறுதியான வழி, பிளேயர் வந்ததும் ஸ்பானர் ‘பிளேயர் தயார்’ என்று ஒரு ஈவென்ட் (அறிவிப்பு) எழுப்புவது. கேமராவும் உயிர்ப் பட்டையும் எதிரியும் அதைக் கேட்டுக்கொள்ளட்டும். சினிமெஷின் என்ற கேமரா கருவியை வைத்திருந்தால், அந்த ஈவென்ட் வரும்போது அதன் ஃபாலோ இலக்கைக் கோடில் கொடுத்துவிடுங்கள். மறந்தால் ஹீரோ ஓடிப்போவார், கேமரா தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

அனிமேஷனுக்கு, எந்த அசைவு எப்போது என்று தீர்மானிக்கும் அனிமேட்டர் கன்ட்ரோலர் ஆளுக்கொன்று வேண்டாம். ஒன்றே போதும், மற்றவர்களுக்கு அனிமேட்டர் ஓவர்ரைடு கன்ட்ரோலர் போடுங்கள். ஸ்டேட்டும் (ஓட்டம், குதிப்பு போன்ற நிலை) டிரான்சிஷனும் (நிலையிலிருந்து நிலைக்கு மாறுவது) அப்படியே இருக்கும், கிளிப்புகள் (அசைவின் படத்தொடர்கள்) மட்டும் மாறும். இங்கே மூன்று இடத்தில் அடிபடும். முதலாவது, கிளிப் எந்த ஆப்ஜெக்ட்டின் ஸ்பிரைட்டை மாற்றுகிறது என்பது பெயர்ப் பாதையாகவே பதிவாகிறது. முதல் ஆளில் படம் ‘பாடி’ என்ற சைல்டில் (உள்ளிருக்கும் ஆப்ஜெக்ட்டில்) இருந்து, இரண்டாவது ஆளில் அதை ‘ஸ்பிரைட்’ என்று பெயர் மாற்றிவிட்டால், அனிமேஷன் விண்டோவில் அந்த வரி மஞ்சளாக ‘மிஸ்ஸிங்’ என்று காட்டும்; கேமில் ஆள் சிலைபோல வழுக்கிக்கொண்டு போவார். எரர் எதுவும் வராது. இரண்டாவது, அனிமேஷன் ஈவென்ட்டுகள் கிளிப்புக்குள் வாழ்பவை. பழைய அடிக்கும் கிளிப்பின் நாலாவது ஃப்ரேமில் ‘இப்போது காயம் கொடு’ என்று ஈவென்ட் வைத்திருந்தீர்களானால், புதுக் கிளிப்பிலும் அதைக் கையால் வைக்க வேண்டும். இல்லையேல் புது ஆள் பிரமாதமாக அடிப்பார், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது, எக்ஸிட் டைம், அதாவது அடுத்த நிலைக்கு மாறும் நேரம், கிளிப் நீளத்தின் விகிதம். 6 ஃப்ரேம் அடியும் 12 ஃப்ரேம் அடியும் ஒரே ஃப்ரேம் வேகத்தில் ஓடினால் இரண்டாவது இருமடங்கு நேரம் எடுக்கும். ஓவியர் அழகுக்காகக் கூட்டிய ஆறு ஃப்ரேம், அந்தக் கேரக்டரை உங்களுக்குத் தெரியாமலே பலவீனமாக்கிவிடும்.

ஓவியரிடம் கொடுக்க வேண்டிய கணக்கும் முன்பே முடிவாக வேண்டும். நிற்பதற்கு 4, ஓட 8, குதிக்க 3, விழ 2, அடிவாங்க 2, சாக 6 என்று வைத்தால் ஆளுக்கு 25 ஃப்ரேம். எல்லோருக்கும் ஒரே கேன்வாஸ் அளவு, ஒரே பிக்சல்ஸ் பெர் யூனிட் (கேமின் ஒரு யூனிட் நீளத்துக்கு எத்தனை பிக்சல்), பிவட் (படத்தை இடத்தில் பொருத்தும் புள்ளி) பாதத்தின் நடுவில். ஒருவருக்குப் பிவட் நடு உடம்பில் இருந்தால் அவர் தரைக்குள் இடுப்புவரை புதைந்து ஓடுவார். அதைக் கொலைடரை நகர்த்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பிவட்டையே திருத்துங்கள். கொலைடர் எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பது நல்லது. தொப்பியும் கூந்தலும் துப்பட்டாவும் கொலைடருக்கு வெளியே இருக்கட்டும். தொப்பி முள்ளில் பட்டுச் சாவதை யாரும் மன்னிப்பதில்லை.

இனி குதிப்பு. கேரக்டர்களுக்கு வெவ்வேறு திறன் கொடுப்பதாக இருந்தால் 20 லெவலும் ஆட்டம் காண்பது இங்கேதான். யூனிட்டி 2டியில் இயல்பான ஈர்ப்பு 9.81, கிராவிட்டி ஸ்கேல் (ஈர்ப்பைப் பெருக்கும் எண்) 3 வைத்திருந்தால் 29.43. குதிப்பு உயரம் 2.5 யூனிட் வேண்டுமென்றால் மேல்நோக்கிய வேகம், 2 பெருக்கல் 29.43 பெருக்கல் 2.5 என்பதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 12.13. காற்றில் இருக்கும் நேரம் 0.82 வினாடி. ஓடும் வேகம் 6 என்றால் ஒரே தாவலில் ஏறக்குறைய 4.95 யூனிட் தாண்டுவார். வேகத்தை 20 சதவீதம் கூட்டி 7.2 ஆக்கினால் 5.9 யூனிட். இப்போது எந்த லெவலிலாவது 5.5 யூனிட் பள்ளம் வைத்தால் வேகக்காரர் மட்டுமே தாண்டுவார், மற்றவர்கள் அங்கேயே முடிந்தார்கள். ‘கனமான ஆள்’ வேண்டுமென்று கிராவிட்டி ஸ்கேலை 4 ஆக்கினாலோ, அதே 12.13 வேகத்தில் உயரம் 1.88 ஆகக் குறையும், தாவும் தூரமும் 3.7க்கு இறங்கிவிடும். ஒரு எண்ணைத்தான் தொட்டோம், இரண்டு அளவு கெட்டுவிட்டது. ஃபிசிக்ஸ் படிப்படியாகக் கணக்கிடப்படுவதாலும் கொலைடரின் அகலத்தாலும் திரையில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனாலும் பள்ளத்தின் அளவைத் தீர்மானிக்க இந்தக் கணக்கு போதும்.

மாஸ் (நிறை) விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். வெலாசிட்டியை (வேகத்தை) நேராகக் கொடுத்துக் குதிக்க வைத்தால் மாஸ் எவ்வளவு என்பது குதிப்பைப் பாதிக்காது. ஆட்ஃபோர்ஸ் கட்டளையில் இம்பல்ஸ் (ஒரே உந்தல்) கொடுத்துக் குதிக்க வைத்தால், மாஸை 1லிருந்து 2 ஆக்கியதும் வேகம் பாதியாகும், உயரம் கால்வாசியாகும், 2.5 யூனிட் 0.63க்கு வந்துவிடும். ஆகவே டேட்டா ஃபைலில் ‘குதிப்பு விசை’ என்று எழுதாமல் ‘குதிப்பு உயரம்’ என்று எழுதி, வேகத்தைக் கோடே கணக்கிடட்டும். டிசைனருக்கும் புரியும், ஈர்ப்பைப் பிறகு மாற்றினாலும் உயரம் மாறாது.

திறனை மாற்றுவதா, தோற்றத்தை மட்டும் மாற்றுவதா? இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. 2012இல் சப்வே சர்ஃபர்ஸ் வந்தபோது யாரை எடுத்தாலும் ஓட்டம் ஒன்றாகத்தான் இருந்தது. சிறப்புத் திறன்களை ஏறிச் செல்லும் பலகைகளில் வைத்தார்கள். 2014இல் வந்த கிராஸி ரோட்டும் தோற்றத்தையும் சூழலையும்தான் முக்கியமாக மாற்றுகிறது. இன்னொரு பக்கம், 1988இல் அமெரிக்காவில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2இல் நான்கு பேருக்கும் நான்கு விதக் குதிப்பு. லூயிஜி உயரத் தாவுவான், பீச் சற்று நேரம் மிதப்பாள், ஆனால் எந்தக் கட்டத்தையும் நால்வரில் யாரைக் கொண்டும் முடிக்க முடியும். இதைக் கெடுத்துவிடாமல் செய்ய நிறைய ஆடிப்பார்க்க வேண்டும். தனியாகச் செய்பவர் என்றால் என் யோசனை: ஐவரில் மூவருக்குத் தோற்றம் மட்டும் மாறட்டும், இருவருக்கு ஆளுக்கொரு திறன். அந்தத் திறனும் ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தை எளிதாக்குவதாக இருக்கலாம், அது இல்லாமல் தாண்டவே முடியாத பள்ளம் இருக்கக் கூடாது. காசு கொடுத்தால்தான் ஏழாவது லெவலைத் தாண்டலாம் என்று ஆனால் ரிவ்யூவில் ஒற்றை ஸ்டார்தான் விழும்.

மெமரிக்கு வருவோம். மேலே சொன்ன 25 ஃப்ரேமும் 256க்கு 256 பிக்சல் என்றால், சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டி அடுக்கும்போது 2048க்கு 1024 அட்லஸ் (பல படங்களை அடுக்கிய ஒரே படம்) ஒன்றில் அடங்கும். அழுத்தாமல் விட்டால் அது 8 எம்பி. ஏஎஸ்டிசி என்ற பட அழுத்த முறையில் 6க்கு 6 கொடுத்தால் 0.9 எம்பி. டிஸ்கில் பிஎன்ஜி 400 கேபிதான் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பிஎன்ஜியின் அளவுக்கும் போனின் மெமரியில் அது பிடிக்கும் இடத்துக்கும் தொடர்பே இல்லை. ஏஎஸ்டிசி தெரியாத பழைய ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் சிப்பில்) அது விரிந்து முழு அளவுக்கே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மிப்மேப்பை (படத்தின் சிறிய நகல்களை) அணைத்துவிடுங்கள், அது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தின்னும். பிக்சல் ஆர்ட் என்றால் ஏஎஸ்டிசி ஓரங்களைக் கலைத்துவிடும். படமே சிறியது என்பதால் அழுத்தாமல், ஃபில்டரைப் பாயின்ட்டில் (பிக்சல்களைக் குழைக்காத முறையில்) வைத்துவிடலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட்டில் பிரிஃபாப்பை நேராக இழுத்துப் போட்டால், அந்தப் பட்டியலைத் தொடும் சீன் திறக்கும்போதே ஆறு பேரின் பிரிஃபாப்பும் அவர்களின் அட்லஸ்களும் ஏறிவிடும், ஆடப்போவது ஒருவரையே ஆனாலும். எல்லோரையும் ஒரே அட்லஸில் கொட்டினாலும் இதே கதி. ஆறு பேர், அழுத்திய படங்கள் என்றால் மொத்தம் 6 எம்பிகூட வராது. அதற்காக அட்ரஸபிள்ஸ் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் முறை) பக்கம் போய்த் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நாளை 40 பேர், ஒவ்வொருவருக்கும் பெரிய படம், குரல் என்று போகும் எண்ணம் இருந்தால் மட்டும் பெயர், விலை, ஐகானை ஒரு பக்கமும் கனமான பிரிஃபாப்பை அசெட் ரெஃபரன்ஸாக (அட்ரஸபிள்ஸ் ஏற்றுவதற்கான முகவரியாக) இன்னொரு பக்கமும் பிரித்து வையுங்கள். அப்போது பிளேயர் வர சில ஃப்ரேம் ஆகும், ஸ்டார்ட்டில் தேடினாலும் கிடைக்காது. முன்பு சொன்ன ‘பிளேயர் தயார்’ ஈவென்ட் அங்கே கைகொடுக்கும். ஆளை மாற்றும்போது பழைய ஹேண்டிலை (ஏற்றியதைப் பிடித்திருக்கும் பிடியை) ரிலீஸ் செய்ய மறந்தால் மெமரி இறங்காது. எந்த வழியில் போனாலும் அட்லஸ் ஆளுக்கொன்று, மெனு ஐகான்களுக்குத் தனியாக ஒன்று. ஐகான் அட்லஸில் ‘அலோ ரொட்டேஷன்’ டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மெனுவில் சிலர் படுத்துக் கிடப்பார்கள்.

சேமிப்பில் இரண்டு தவறுகள் ஓயாமல் நடக்கின்றன. ஒன்று, ‘திறந்தாயிற்று’ என்ற டிக்கை ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட்டிலேயே மாற்றுவது. எடிட்டரில் அது ஃபைலில் தங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். போனில் ஆப்பை மூடியதும் பழைய நிலைக்குப் போய்விடும். காயின் செலவானது செலவானதுதான், ஆளைக் காணோம். இரண்டு, தேர்வான ஆளைப் பட்டியலின் வரிசை எண்ணாகச் சேமிப்பது. அடுத்த அப்டேட்டில் மூன்றாவது இடத்தில் புதியவரை நுழைத்தால், அதற்குப் பின்னால் இருந்த எல்லோரும் ஓரிடம் தள்ளிப்போவார்கள். வாங்கியவருக்கு வாங்காதவர் வருவார். ஈனம் எனும் கோடுக்குள் இருக்கும் பெயர்ப் பட்டியலின் நடுவில் புதுப் பெயரைச் செருகுவதும் இதே தவறுதான். ஐடி ஒரு சொல்லாக இருக்கட்டும், ஒருமுறை வெளியானபின் அதைத் தொடாதீர்கள். காட்டும் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சேமிக்க யூனிட்டியின் எளிய சேமிப்பான பிளேயர் ப்ரெஃப்ஸ் போதுமா என்றால், தேர்வைச் சேமிக்கத் தாராளமாகப் போதும். ஆண்ட்ராய்டில் அது சாதாரண எக்ஸ்எம்எல் ஃபைல். ரூட் செய்த (முழு அனுமதி திறந்துவிட்ட) போனில் யாரும் திருத்திக்கொள்ளலாம். காயினில் திறப்பவரை ஒருவர் ஏமாற்றி எடுத்தால் பெரிய நஷ்டமில்லை. காசு கொடுத்து வாங்குபவரை மட்டும் அதை நம்பி விடாதீர்கள். ஆப் திறக்கும்போது ஸ்டோரிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அந்த வாங்கலை நான்-கன்ஸ்யூமபிள் (ஒருமுறை வாங்கினால் தீராத) பொருளாகப் பதிவுசெய்யுங்கள். கூகுள் ப்ளேயில் பொருளின் ஐடியை ஒருமுறை உருவாக்கினால் மாற்றவும் முடியாது, மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஆகவே ‘டெஸ்ட்1’ என்று பெயர் வைத்துப் பார்க்க நல்ல பெயர்களை வீணாக்காதீர்கள். வாங்கியதை மூன்று நாளுக்குள் ஆப் அக்னாலெட்ஜ் செய்யவில்லை, அதாவது கிடைத்ததாக உறுதி சொல்லவில்லை, என்றால் கூகுள் தானாகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ‘முதல் நாள் விற்றது, நாலாம் நாள் எல்லாம் ரீஃபண்ட்’ என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். ஆப்புக்குள் வாங்குவதற்கான யூனிட்டி ஐஏபியில், ஆளைத் திறந்து சேமித்த பிறகே வாங்கலை முடித்ததாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே சொல்லிவிட்டு நடுவில் ஆப் கவிழ்ந்தால் காசு போனது, ஆள் வரவில்லை. பிறகு ஐபோனுக்கும் கொண்டுபோவதாக இருந்தால் முன்பு வாங்கியதை மீட்கும் ‘ரீஸ்டோர் பர்ச்சேஸஸ்’ பட்டன் கட்டாயம் வேண்டும். பெட்டியைத் திறந்தால் யாராவது ஒருவர் கிடைப்பார் என்ற முறையில் காசுக்கு விற்பதானால், யார் எத்தனை சதவீதம் கிடைப்பார் என்பதை வாங்கும் முன்பே காட்ட வேண்டும். இது இரண்டு ஸ்டோர்களிலும் விதி. போகிற போக்கில் ஒன்று: நடிகர் முகச்சாயலில் ஆள் வரைந்து விற்க ஆசை வரும், வேண்டாம். புகார் வந்தால் அந்தக் கேரக்டரோடு முடியாது, ஆப்பே ஸ்டோரிலிருந்து கீழே இறங்கலாம்.

ஆறு பேர், 20 லெவல் என்றால் 120 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஒவ்வொரு பில்டிலும் ஆடிப்பார்க்க யாராலும் முடியாது. மிகக் குறைவாகத் தாவுபவரையும் மிக உயரமாக, மிக வேகமாகப் போகிறவரையும் மட்டும் எல்லா லெவலிலும் ஓட விடுங்கள். முதலாமவர் எங்கே மாட்டுகிறார் என்று பாருங்கள். இரண்டாமவர் எந்த ட்ரிக்கரின் (தொட்டால் எதையாவது நடத்தும் பகுதியின்) தலைக்கு மேலே தாவிப்போகிறார், எங்கே கேமராவை விட்டு வெளியே போகிறார் என்று பாருங்கள். இருவருக்கும் சரியென்றால் நடுவில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சிறப்புத் திறன் உள்ள இருவரைத் தவிர. அவர்களைத் தனியாக ஆடித்தான் தீர வேண்டும். எந்த எண் நன்றாக ‘உணரப்படும்’ என்பதைக் கேமைக் கையில் பிடிக்காமல் யாரும் சொல்ல முடியாது, மேலே கொடுத்த 6, 7.2 எல்லாம் கணக்கைக் காட்ட மட்டுமே.

வெளியிடும் முன் கடைசியாக ஒரு வேலை. இப்போது ஸ்டோரில் இருக்கும் பழைய வெர்ஷனை ஒரு போனில் போட்டு, பத்து லெவல் ஆடி, காயின் சேர்த்து, அதன் மேலேயே புது வெர்ஷனை அப்டேட்டாக ஏற்றுங்கள். பழைய சேமிப்பில் கேரக்டர் ஐடியே இருக்காது. அந்த வெற்றிடத்தில் ஸ்பானர் முதல் ஹீரோவைக் கொடுக்கிறதா, காயினும் லெவலும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்து மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது, முதல் நாளே அப்டேட் செய்யும் பழைய ரசிகர்களுக்குத்தான் படும்.